வாழைப்பழத்துக்குத் தலையாட்டிய வினை

டெல்லிக்குப் போன புதிதில் ஏழு மாதம், தப்பான காரணத்தை மனதில் வைத்துக்கொண்டு சரியான ஹிந்தி பேசிக்கொண்டிருந்தேன்.

'நான் வந்தேன்' என்பதை ஹிந்தியில் ஆண் சொன்னால் 'மை ஆயா', பெண் சொன்னால் 'மை ஆயீ'. போனேன் என்றால் கயா, கயீ. பள்ளிக்கூட நாளில் ப்ராத்மிக் பரீட்சை எழுதியதில் மிச்சம் நின்ற அறிவு இவ்வளவுதான். மயூர் விஹாரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு பஞ்சாபி ஆன்ட்டி. காலையில் அவர் 'மைனே ரோட்டி காயீ' (ரொட்டி சாப்பிட்டேன்) என்பார். நானும் காயீ என்பேன். அவர் 'மைனே சாய் பீ' (டீ குடித்தேன்) என்பார். நானும் அப்படியே சொல்வேன் (தமிழ்க் காதுக்கு அந்த வினைமுற்று கொஞ்சம் சங்கடம்தான், பழகிவிடும்). அவர் பெண், நான் பெண், அதனால் ஈ. கணக்கு சரியாக வந்தது. நடுவில் வரும் அந்த 'நே' நம் 'நான்தான்' மாதிரி ஏதோ அழுத்தம் என்று நினைத்து, தோன்றும்போது போட்டேன், தோன்றாதபோது விட்டேன்.

ஒருநாள் சாப்பிட்டாயா என்று கேட்டார். 'மைனே கேலா காயீ' என்றேன். வாழைப்பழம் சாப்பிட்டேன்.

"காயா, பேட்டா. கேலா காயா."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆன்ட்டி, மை லட்கீ ஹூம்." நான் பெண்ணாச்சே.

"தூ லட்கீ ஹை. கேலா தோ லட்கா ஹை."

நீ பெண்தான், ஆனால் வாழைப்பழம் பையனாயிற்றே! சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பட்டாணி உரிக்கப் போய்விட்டார். நான் அப்படியே நின்றேன். ஏழு மாதமாக நான் சொன்ன காயீ என்னைப் பற்றியதே இல்லை. ரொட்டி பெண்பால், டீ பெண்பால். என் பாலும் ரொட்டியின் பாலும் தற்செயலாக ஒத்துப்போனதால் என் தப்பு வெளியே தெரியவில்லை. அலுவலகத்தில் மீசை வைத்த ஒருவர் 'மைனே சாய் பீ' என்று சொன்னதைக் கேட்டு, பாவம் இவருக்கு இலக்கணம் வரவில்லை என்று மனதுக்குள் சிரித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விதி சிக்கலானதில்லை. செயப்படுபொருள் வாங்கும் வினையாக இருந்து, செயல் முடிந்தும் போயிருந்தால், செய்தவர் மேல் 'நே' ஏறும். அப்புறம் வினைமுற்று செய்தவரைத் திரும்பிப் பார்க்காது, செயப்படுபொருளின் பாலையும் எண்ணையும்தான் பார்க்கும். இதையே நிகழ்காலத்தில் சொன்னால் 'மை கேலா காதீ ஹூம்' என்று வினை மறுபடியும் என்னிடம் வந்துவிடும். செயல் முடிந்த கணத்தில் மட்டும் கட்சி மாறுகிற வினை.

இங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது. புது மொழியில் எது எதோடு இயைகிறது என்று சோதிக்க, இரண்டும் ஒரே பாலாகவோ ஒரே எண்ணாகவோ இருக்கும் வாக்கியம் உதவாது. பெண் பேசும்போது ஆண்பால் பொருள், ஆண் பேசும்போது பெண்பால் பொருள், ஒருவர் பேசும்போது பன்மைப் பொருள் என்று வேண்டுமென்றே முரணாக வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். அதில் தனிச்சொல் கிடையாது, முழு வாக்கியங்கள் மட்டும்.

முதலில் தமிழைக் கொண்டு சமாளிக்கப் பார்த்தேன். 'என்னால் ரொட்டி தின்னப்பட்டது' என்று மனதில் வைத்துக்கொண்டால் காயீ தானாக வந்துவிடுகிறதே! வரலாற்றிலும் இதற்கு வேர் உண்டு. சமஸ்கிருதத்தில் 'ராமனால் பழம் உண்ணப்பட்டது' என்கிற மாதிரி எச்ச வடிவத்தில் அமைந்த வாக்கியங்களிலிருந்துதான் ஹிந்தியின் இந்த இறந்தகால அமைப்பு வளர்ந்தது. ஆனால் ஊன்றுகோலை எங்கே கீழே வைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் செயப்பாட்டுவினை அரசாணைக்கும் செய்தித்தாளுக்கும் உரியது. வீட்டில் யாரும் 'என்னால் இட்லி உண்ணப்பட்டது' என்று சொல்வதில்லை. ஹிந்தியில் 'மைனே காயா' அடுப்படிப் பேச்சு. உண்மையான செயப்பாட்டுவினை அங்கே தனியாக இருக்கிறது, 'ரோட்டி காயீ கயீ' என்று. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டால் மொழிபெயர்ப்பில் எல்லாரும் அரசாங்க குமாஸ்தா மாதிரி பேசுவார்கள். என் ஆரம்பகால மொழிபெயர்ப்புகளில் அப்படித்தான் பேசினார்கள்.

இந்தக் குழப்பம் தெளிய எனக்கு உதவியவர் எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளி வரும் காய்கறிக்காரர். போஜ்புரி பேசும் ஊரிலிருந்து வந்தவர். அவர் ஹிந்தியில் 'நே' தலைகாட்டாது. 'ஹம் கல் தியே தே' என்பார், நான் நேற்றே கொடுத்தேனே என்று. கொடுத்தது கத்தரிக்காயானாலும் வெண்டைக்காயானாலும் வினை அவரையே பார்க்கும். அவர் ஹிந்தி எனக்கு ஏன் இவ்வளவு சுலபமாகப் புரிகிறது என்று வியந்துகொண்டே இருந்தேன். காரணம் இப்போது தெரிகிறது. போஜ்புரியில் இந்த நே விவகாரமே இல்லை, வினை செய்தவருக்குக் கட்டுப்படும், தமிழைப் போல. ஆன்ட்டி அவர் பேச்சைத் தப்பு என்பார். தப்பில்லை, அது வேறொரு மொழியின் ஒழுங்கு.

அப்புறம் கண்ணும் காதும் திறந்துகொண்டன. இரவுக் காவலுக்கு வரும் நேபாளிக்காரர் 'மைலே பாத் காயேம்' என்று சொல்வதைக் கவனித்தேன். 'நே' மாதிரியே 'லே' ஏறியிருக்கிறது, ஆனால் வினை இன்னும் தன்மை ஒருமையில், சோறு தின்றவரோடுதான் நிற்கிறது. புனேயிலிருந்து வந்த தோழி இதற்கு நேர்மாறு. 'மீ போளீ கால்லீ' என்பாள் (அவர்கள் போளி நம் சப்பாத்தி, இனிப்பு கிடையாது). மராட்டியில் படர்க்கைக்கு 'த்யானே' என்று நே உண்டு. நான், நீ என்ற சொற்களுக்குக் கிடையாது. ஆனாலும் வினை போளியைத்தான் பார்க்கிறது. அவள் அண்ணன் சொன்னாலும் கால்லீதான்.

ஆக ஒரே தெருவில் நாலு ஏற்பாடு. உருபு ஏறுவதும் வினை இயைவதும் வேறு வேறு சங்கதிகள், ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கவேண்டியதில்லை என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரியவில்லை. காவல்காரரும் தோழியும் சொல்லிக்கொடுத்தார்கள். 'நான் சாப்பிட்டேன்' என்னும் தமிழ் வாக்கியத்தில் செய்தவர் நான், உருபு இல்லாமல் நிற்பது நான், வினையின் 'ஏன்' காட்டுவதும் என்னை. எல்லாப் பொறுப்பும் ஒரே தலையில். அதனால் நமக்கு 'எழுவாய்' என்ற ஒரே சொல் போதுமானதாகத் தோன்றுகிறது. அதைப் பிரித்து மூன்று கேள்வியாக்கி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்: யார் செய்தார்? யார் மேல் உருபு? வினை யார் பேச்சைக் கேட்கிறது?

தர்யாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை பிய்ந்த மொழியியல் பாடநூல்கள் மலிவாகக் கிடைக்கும். அங்கிருந்துதான் இதற்கு எர்கட்டிவ் என்று பெயர் இருப்பது தெரிந்தது. ஸ்பெயினும் பிரான்சும் சேரும் இடத்தில் பேசப்படும் பாஸ்க் மொழியில் 'மனிதன் வந்தான்' என்பதில் மனிதன் 'கிசோனா', 'மனிதன் ரொட்டி தின்றான்' என்பதில் 'கிசோனாக்'. வந்தவனும் தின்னப்பட்ட ரொட்டியும் ஒரே வடிவம், தின்றவன் மட்டும் தனி. ஹிந்தி மாதிரி முடிந்த செயலுக்கு மட்டும் என்ற நிபந்தனையெல்லாம் அங்கே இல்லை. உலக மொழிகளின் அமைப்பை வரைபடத்தில் காட்டும் அட்லஸ் ஒன்றில், பெயர்ச்சொல் உருபை மட்டும் வைத்து 190 மொழிகளைப் பிரித்திருக்கிறார்கள். 32 மொழிகள் இந்தக் கட்சி. நம்மைப் போல் செயப்படுபொருளுக்கு உருபு போடுகிற கட்சியில் 46. பாதிக்கும் மேலே, 98 மொழிகள், யாருக்கும் எந்த உருபும் போடாதவை. இதைப் படித்த பிறகு ஹிந்தி மேல் இருந்த கோபம் தணிந்துவிட்டது.

கோபம் தணிந்தாலும் விதிவிலக்குகள் போகவில்லை. கொண்டுவருவது 'லானா'. இரண்டு கைப்பை நிறைய மளிகை தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாலும் 'மை லாயீ'தான், நே கிடைக்காது. லே ஆனா, அதாவது 'எடுத்து வா' என்பதன் சுருக்கம் அது, வருவதற்கு நே இல்லை, அதனால். ஆனால் தும்மினால் 'மைனே சீங்கா'. தும்மலுக்கும் இருமலுக்கும் கொடுக்கிற மரியாதையை மளிகை சுமந்து வந்தவளுக்குக் கொடுக்காத மொழி. லானா, பூல்னா (மறப்பது), போல்னா (பேசுவது) மூன்றுக்கும் நே வேண்டாம் என்று மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வழியில்லை.

'கோ' வந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த திகைப்பு. 'மைனே லட்கீ கோ தேகா', பெண்ணைப் பார்த்தேன். செய்தவள் மேல் நே, பார்க்கப்பட்டவள் மேல் கோ. பார்த்தவளும் பெண், பார்க்கப்பட்டவளும் பெண், வினை மட்டும் ஆண்பால்! இரண்டு பேர் வாயும் அடைக்கப்பட்டதும், வினை யாரையும் பார்க்காமல் ஆண்பால் ஒருமையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோழியிடம் புலம்பினேன். புலம்பும்போதே உறைத்தது, நம்மிடமும் இதே கதை இருக்கிறது. 'எனக்கு அவர்களைப் பிடித்தது.' எனக்கு என்பதில் கு, அவர்களை என்பதில் ஐ. பிடித்தேன் இல்லை, பிடித்தார்கள் இல்லை. அஃறிணை ஒருமையில் பிடித்தது. ஹிந்தி ஆண்பால் ஒருமைக்கு ஒதுங்குகிறது, தமிழ் அஃறிணை ஒருமைக்கு ஒதுங்குகிறது. முப்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன், ஒருநாளும் வினோதமாகப் பட்டதில்லை.

அந்தக் காலத்தில் என் வேலை ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஹிந்தி ஆவணங்களைத் தமிழாக்குவது. அங்கே நான் செய்த பெரிய தப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிலாளியின் விளக்கக் கடிதம். 'முஜ்ஸே மஷீன் கராப் ஹோ கயீ' என்று ஒரு வரி. 'நான் இயந்திரத்தைக் கெடுத்துவிட்டேன்' என்று எழுதினேன். சரிபார்த்த மூத்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த ஆள் எங்கேம்மா கெடுத்தேன்னு சொல்றார்? உன் தமிழைப் படிச்சா ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருக்கு."

'மைனே கராப் கீ' என்று எழுதியிருந்தால் அது கெடுத்தேன். 'முஜ்ஸே' என்று அவர் தன்னை வைத்துக்கொண்ட இடமே வேறு. நடந்ததில் எனக்குச் சம்பந்தம் உண்டு, ஆனால் நான் செய்ததில்லை என்பது அந்த 'ஸே'. சரி, அவரை விட்டுவிட்டு 'இயந்திரம் பழுதாகிவிட்டது' என்று போடலாமா என்றால் அதுவும் பொய். தன் பங்கை அவர் மறைக்கவில்லையே. கடைசியில் 'நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது இயந்திரம் பழுதாகிவிட்டது' என்று எழுதினோம். தமிழில் இதற்கென்று உருபு கிடையாது, 'கை தவறி', 'தெரியாமல்' என்று சொற்களால் ஈடுகட்ட வேண்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், போன மாதம் ஆன்ட்டியின் பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டு 'மைனே கப் தோட் தியா' என்று நான் சொன்னபோது அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்று புரிந்தது. போட்டு உடைத்தேன் என்று அறிவித்திருக்கிறேன். 'முஜ்ஸே டூட் கயா' என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஜார்ஜியா நாட்டில் ஒரு கிராமத்தில் பேசப்படும் பட்ஸ்பி மொழியில் 'நான் விழுந்தேன்' என்பதற்கே இரண்டு 'நான்' உண்டு. என் கவனக்குறைவால் விழுந்தால் 'அஸ்', அது பாட்டுக்கு விழுந்தால் 'ஸோ'. விழுந்தவர் ஒருவரே, பழி யார் மேல் என்பதை 'நான்' என்ற சொல்லே சொல்லிவிடும். காப்பீட்டுப் படிவங்களை அந்த மொழியில் அச்சடிக்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இவ்வளவு தூரம் வந்தபின், செய்தவருக்கு உருபு ஏறி, வினையும் கைவிட்டுவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும். எனக்கு உதவிய உரைகல் 'தன்'. 'குமார் நே அப்னீ கிதாப் படீ', குமார் தன் புத்தகத்தைப் படித்தான். படீ புத்தகத்தோடு இயைந்தாலும் 'அப்னீ' குமாரைத்தான் காட்டுகிறது. தமிழிலும் 'குமாருக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்' என்றால், குமார் நான்காம் வேற்றுமையில் இருந்தாலும் தன் அவனைத்தான் குறிக்கிறது. பட்டம் பறிபோனாலும் வீட்டுச் சாவி அவர்களிடமே இருக்கிறது. இதுதான் நோட்டில் நாலாவது கேள்வி ஆனது: தன் யாரைக் காட்டுகிறது?

இதே மாதிரி இன்னொரு உரைகல் நம் வினையெச்சம். 'அப்பா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்.' வந்தவரே பார்த்தவர். செய்து என்னும் எச்சம் வினைமுதலோடு முடியும் என்று தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. எல்லா மொழியிலும் வாக்கியத்தை இப்படித்தான் கோக்க முடியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் டிர்பல் என்றொரு மொழி. மொழியியலாளர் டிக்ஸன் 1972ல் அதன் இலக்கணத்தை வெளியிட்டார். அதில் 'அப்பா திரும்பி வந்தார், அம்மா பார்த்தார்' என்று இரண்டாம் பாதியில் ஒருவரைச் சொல்லாமல் விட்டால், அம்மா பார்த்தது அப்பாவை என்றுதான் பொருள். வந்தவரும் பார்க்கப்பட்டவரும் ஒருவர் என்று கோக்கிறது அந்த மொழி. வந்தவரே பார்த்தவர் என்று சொல்ல வேண்டுமானால் வினையின் வடிவத்தையே மாற்ற வேண்டும். வாழைப்பழம் வினையை மட்டும்தான் பறித்துக்கொண்டது. டிர்பலில் வீட்டுச் சாவியும் போய்விடுகிறது.

இப்போது நான் வாராவாரம் நாலைந்து பேருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், எல்லாரும் ஹிந்திக்காரர்கள். 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' எல்லாம் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு, ஏனென்றால் அவர்களிடம் 'முஜே' (எனக்கு) இருக்கிறது. ஆங்கிலம் வழியாகத் தமிழ் படித்தவர்கள்தான் 'நான் பசிக்கிறேன்' என்று தடுமாறுவார்கள். ஹிந்திக்காரர்கள் வழுக்கும் இடம் வேறு: 'எனக்கு அவள் பிடிக்கும்'. ஹிந்தியில் பிடித்த ஆள் உருபில்லாமல் நிற்பார். நம்மிடம் 'அவளை' என்று ஐ வேண்டும். 'எனக்கு அவளை' என்று இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகச் சொல்கிறேன், காரணம் பிறகு. வேண்டும் இன்னொரு பொறி. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்', ஆனால் 'நான் போக வேண்டும்'. ஹிந்தியில் 'முஜே ஜானா ஹை' என்று இரண்டாவதிலும் கு வரும். (எங்கள் ஆன்ட்டி பஞ்சாபி வாடையில் 'மைனே ஜானா ஹை' என்பார், அது தனிக்கதை.) ஒரு வினையைக் கற்றால் அது எந்த 'நான்' கேட்கிறது என்பதோடு சேர்த்துக் கற்க வேண்டும். பிடிக்கும் என்று தனியாக எழுதினால் அடிப்பேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

ஐஸ்லாந்துக்காரர்களிடமும் நம் 'எனக்கு' உண்டு. 'எனக்குக் குளிர்கிறது' என்பதை அவர்களும் நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறார்கள். ஆசைப்படுவது போன்ற சில வினைகளுக்கு 'என்னை' என்று இரண்டாம் வேற்றுமை. பலர் அதையும் 'எனக்கு' ஆக்கிவிடுவதால், பள்ளிக்கூடங்களில் அதற்கு 'நான்காம் வேற்றுமை நோய்' என்றே பெயர் வைத்துத் திருத்துகிறார்கள்.

போன வருஷம் ஒரு மாணவர் கேட்டார்: "மேடம், 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' வாக்கியத்தில் எழுவாய் எது?" எனக்கு என்றால் உருபு ஏறியிருக்கிறது, உன்னை என்றாலும் அப்படியே. தோன்றா எழுவாய் என்று சமாளிக்கலாம் என்றால், தோன்றினால் எங்கே என்ன தோன்றும்? தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஊரில் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். முப்பத்தைந்து வருஷம் தமிழாசிரியர்.

"இதென்ன கேள்வி" என்று ஆரம்பித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"நன்னூலைப் புரட்டிட்டேன் பாப்பா. எழுவாயே இல்லேன்னு சொல்ல எனக்குப் பிடிக்கலை."

அந்த வாக்கியத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.